பேச்சியம்மா குறைந்த எலிகள்

சிவகாசி வட்டாரத்திலேயே வெடிச் சத்தத்துக்குப் பயந்த ஒரே மனுஷி எலியக்காதான். சந்தேகம் இருப்பவர்கள் அந்தப் பக்கம் ஒரு வாரம் தங்கிப் பார்க்கலாம். காதுக்குப் பக்கத்தில் வெடித்தாலும் அங்கே தொட்டில் குழந்தை புரண்டு படுக்காது. டீக்கடைக்காரர் ஆற்றுகிற டீயில் ஒரு சொட்டு கீழே சிந்தாது. பேசிக்கொண்டிருக்கிற வம்பு பாதியில் நிற்காது. அப்படிப்பட்ட ஊரில் பிறந்து, நாரணாபுரத்து வெடி ஆபீசில் வேலை பார்க்கும் அம்மாவுக்கு மகளாக வளர்ந்து, ஒவ்வொரு வெடிக்கும் ஒரு முழம் எகிறிக் குதித்தவள் அவள். அங்கெல்லாம் பட்டாசுத் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். நான் போன புதிதில், ஊரில் இத்தனை பேர் ஆபீஸ் உத்தியோகம் பார்க்கிறார்களே என்று வியந்திருக்கிறேன்.

நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரி. விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவில் இருந்த ஒரு தனியார் கல்லூரியில், நிஜமான ஆபீசில், எனக்கு வேலை கிடைத்தது. கல்லூரிக்குப் பின்னால் வேலிக்கருவைக் காடு. அதைத் தாண்டி ஒரு பட்டாசுக் கம்பெனியின் பொட்டல். தயாரான சரக்கில் ஒன்றிரண்டை எடுத்து வந்து அங்கே வெடித்துப் பார்ப்பார்கள். அதற்கு 'டெஸ்ட்' என்று பெயர். முதல் வாரம் ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் நாற்காலியோடு எகிறினேன். பக்கத்து மேஜைக்காரர், "என்னம்மா, பல்லி விழுந்துருச்சா?" என்று அனுதாபத்தோடு கேட்டார். இரண்டாம் மாதம் ஊரிலிருந்து போன் பண்ணிய என் தங்கை, "அங்க என்னடி இவ்வளவு சத்தம்?" என்றாள். "எந்தச் சத்தம்?" என்றேன். என் காது சிவகாசிக் காதாகிவிட்டது.

எலியக்கா அதே கல்லூரியில் ஆராய்ச்சி மாணவி. விருதுநகரில் வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதியில் என் அறைத் தோழி. அவளுக்குக் கோயில் அர்ச்சனைக்கு ஏற்ற நீளமான பெயர் ஒன்று இருந்தது. அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நாள் முழுக்க எலிகளோடு இருந்துவிட்டு வருவதால் அவள் மேல் ஒரு வாசனை உண்டு. அவளுக்கு மட்டும் பஸ் கண்டக்டர் ஒரு கை தூரத்தில் நின்று டிக்கெட்டை நீட்டுவார். விடுதிப் பூனைக்கோ அவள்தான் உலகம். தினமும் காலையில் அவள் துப்பட்டாவை முகர்ந்துகொண்டே பஸ் ஸ்டாப் வரை போய் வழியனுப்பிவிட்டு வரும். அவள் வெளியூர் போயிருக்கும் நாட்களில் பூனை சோறு எடுக்காது என்று விடுதிச் சமையல்காரம்மா சத்தியம் செய்வார்.

என்ன ஆராய்ச்சி என்று சாப்பாட்டு மேஜையில் ஒருநாள் கேட்டுவிட்டேன். அன்று ரசம் ஆறிப்போனதுதான் மிச்சம்.

"ஏ புள்ள, ஒரு செல்லுக்குள்ள டி.என்.ஏ.ன்னு ஒரு நூலு இருக்கு. பிரிச்சா ஒரு ஆள் உசரத்துக்கு வரும். அம்புட்டையும் குட்டிக் குட்டி உருளையில சுத்தி அடுக்கி வச்சிருக்கு. அந்தக் கட்டுக்குப் பேருதான் குரோமாட்டின்."

"சரிக்கா."

"தளர்வாச் சுத்திருக்கிற எடத்துல இருக்கிற ஜீன் பேசும். இறுக்கிச் சுத்தி வச்ச எடத்துல இருக்கிறது வாயத் தெறக்காது. இப்ப புஸ்வாணம் இருக்குல்ல, அது வாயில பேப்பர் ஒட்டிருக்கும். கிழிச்சாத்தான தீ புடிக்கும்? அது மாதிரி, 'இந்த எடத்தப் பிரிக்காத'ன்னு உருளை மேல ஒரு குறிய ஒட்டிக்கிட்டே போகுது ஒரு புரோட்டீனு."

"யாருக்கா ஒட்டுறது?"

"எங்கம்மா."

நான் சோற்றைப் பிசைவதை நிறுத்தினேன். அக்கா சிரிக்கவில்லை. அவள் அம்மா பேச்சியம்மா உண்மையிலேயே வெடி ஆபீசில் புஸ்வாணத்துக்குப் பேப்பர் ஒட்டுகிறவர். அந்தப் புரோட்டீனுக்கும் அதே வேலை. அதன் ஆங்கிலப் பெயர் ஐந்தாறு எழுத்தும் ஓர் எண்ணும் சேர்ந்து கார் நம்பர் போல இருக்கும். அதை எதற்கு நாக்கு சுளுக்கச் சொல்ல வேண்டும் என்று அக்கா அதற்குப் பேச்சியம்மா என்றே பெயர் வைத்துவிட்டாள். ஆராய்ச்சிக் கூடத்திலும் அதுவே புழங்கியது. "கீழ்த்தட்டு எலிக்கெல்லாம் பேச்சியம்மா பாதிதான் சார்" என்று அவள் சொல்ல, துறைத் தலைவர் தலையாட்டிக் குறிப்பெடுப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

அந்தப் பாதிக் கணக்கு இதுதான். இந்தப் புரோட்டீனைச் செய்யச் சொல்லும் ஜீன், எலிக்கு அப்பாவிடமிருந்து ஒரு பிரதி, அம்மாவிடமிருந்து ஒரு பிரதி என்று வருகிறது. இரண்டும் கெட்டால் குட்டி வயிற்றிலேயே போய்விடும். ஒன்று கெட்டால் பிறக்கும், வளரும், கொஞ்சம் பொடிசாக இருக்கும், எதற்கெடுத்தாலும் மூலையில் ஒதுங்கும். ஒட்டுகிற ஆள் பாதிதான் என்பதால் மூடியிருக்க வேண்டிய இடங்களில் சில திறந்து கிடக்கும். இரண்டு பிரதியும் சரியாக உள்ள எலிகள் மேல்தட்டில் இருந்தன. பேச்சியம்மா குறைந்த எலிகள் கீழ்த்தட்டில். எல்லாம் கறுப்புச் சுண்டெலிகள். வித்தியாசம் எனக்குத் தெரியாது. அக்கா ஒவ்வொன்றையும் காதைப் பார்த்தே சொல்லுவாள்.

"சரி, இதை வச்சு என்ன கண்டுபிடிக்கப் போற?"

"பழகிப்போறதுன்னு ஒண்ணு இருக்குல்ல புள்ள, அத. ஒரு சத்தத்தத் திரும்பத் திரும்பக் கேட்டா மூளை 'இது ஒண்ணுமில்ல'ன்னு மூடி வச்சிரும். பேச்சியம்மா பாதியா இருந்தா மூடுறதுக்கு ஆள் பத்தாதுன்னு எனக்குத் தோணுது. நிரூபிக்கணும்."

ஞாயிற்றுக்கிழமைகளில் அசல் பேச்சியம்மா சாத்தூர்ச் சேவுப் பொட்டலமும் மாப்பிள்ளை போட்டோவுமாக விடுதிக்கு வருவார். மகள் எந்தப் பெட்டி ஆணை எந்தப் பெட்டிப் பெண்ணோடு சேர்ப்பது என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "எலிக்கெல்லாம் பொருத்தம் பாத்துக் கல்யாணம் பண்ணி வைக்கிற. ஒனக்கு எப்பத்தா?" என்று அம்மா கேட்பார். "மாப்பிள்ளைக்கு ரெண்டு பிரதியும் சரியா இருக்கான்னு கேட்டு வாம்மா" என்பாள் மகள். அம்மா நிஜமாகவே போய்க் கேட்டுவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் நிலப் பத்திரத்தைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, எல்லாம் வீட்டுப் பீரோவில் பத்திரமாக இருப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

ஆராய்ச்சிக்கு ஒரு மெஷின் இருந்தது. சின்னப் பெட்டி. எலியை உள்ளே விட்டுப் பொத்தானை அழுத்தினால் 'டப்' என்று ஒரு சத்தம் வரும். எலி எவ்வளவு துள்ளுகிறது என்று பெட்டி அளந்து சொல்லும். அழுத்துவது எலியக்கா. அழுத்தப் போவது தான்தான் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு 'டப்'புக்கும் அவள் ஒரு முழம் துள்ளுவாள். காலையில் முதல் தடவையும் துள்ளுவாள், மாலையில் கடைசித் தடவையும் துள்ளுவாள். கீழ்த்தட்டு எலியும் துள்ளும். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

"ஏன்க்கா, நீதான அழுத்துற?"

"அழுத்துறது விரலு. குதிக்கிறது நான். எனக்கும் பேச்சியம்மா பாதிதான் போல."

மெஷின் கதை இப்படி என்றால், நிஜ வெடி கதை வேறு. பொட்டலில் டெஸ்ட் வெடித்ததும் அக்கா முதலில் குதிப்பாள். அடுத்து போனை எடுப்பாள். நாரணாபுரத்தில் அம்மா வேலை செய்யும் ஆபீசுக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டில் ஒரு மரப்பெட்டி. எல்லார் போனும் அதற்குள். அம்மாவின் போன் அடித்தால் எடுப்பது வாட்ச்மேன் சுப்பையாண்ணன்.

"சுப்பையாண்ணே, எங்கம்மா சாப்பிட்டாகளா?"

"சாப்பிட்டாகம்மா. நீ முந்தி கேக்கும்போதே சாப்பிட்டாக."

"சரிண்ணே."

இன்னொரு வெடி. இன்னொரு போன். "சாப்பிட்டாகம்மா. காலையிலயும் சாப்பிட்டாக, இப்பயும் சாப்பிட்டாக. இன்னைக்கு இதுக்கு மேல சாப்பிட மாட்டாக." ஒருநாள் அவரே கேட்டுவிட்டார். "எம்மா, தெனமும் ஒங்கம்மாவையே கேக்கிறியே. ஒருநாளாச்சும் என்னையக் கேட்டிருக்கியா?" அன்றிலிருந்து அக்கா இரண்டு பேரையும் கேட்டாள்.

சுப்பையாண்ணனிடம் பேசிப் போனை வைத்ததும் மூன்றாவதாக என் மேஜை இன்டர்காம் அடிக்கும். "ஏ புள்ள, சாப்பிட்டியா?" நான் பத்தரை மணிக்குச் சம்பளப் பட்டியலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன். "இப்பதானக்கா ரெண்டு பேரும் ஒண்ணா இட்லி சாப்பிட்டோம்?" "சரி, சரி" என்று வைத்துவிடுவாள். இவளுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே கிடையாது என்று ஆபீசில் சொல்லிச் சிரித்திருக்கிறோம். பக்கத்து மேஜைக்காரர் போன் அடித்தாலே, "டிபன் விசாரணை வந்துருச்சு, எடுங்க" என்பார்.

இப்படியே போயிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். இடி மேல்தட்டிலிருந்து இறங்கியது. மேல்தட்டு எலிகள் முதல் 'டப்'புக்குத் துள்ள வேண்டும், போகப் போகப் பழகி அடங்க வேண்டும். அப்போதுதான் கீழ்த்தட்டு பழகவில்லை என்று ஒப்பிட்டுச் சொல்ல முடியும். ஆனால் மேல்தட்டு எலிகள் முதல் 'டப்'புக்கே அசையவில்லை. பொத்தானை அழுத்தினால் பின்னங்காலால் காதைச் சொறிந்துகொண்டு, உனக்கு வேறு வேலை இல்லையா என்பதாகப் பார்த்தன.

ஆராய்ச்சிக்குப் பொறுப்பாகச் சென்னையில் ஒரு பேராசிரியர் இருந்தார். முடிவுகளைப் பார்த்துவிட்டு அவர் துறைத் தலைவருக்குப் போன் செய்தார். நான் ஏதோ கையெழுத்துக்காக அப்போது அந்த அறையில் நின்றுகொண்டிருந்தேன். எலியக்காவும் நின்றாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"முதல் சத்தத்துக்கே அசையலைன்னா உங்க நல்ல எலிகளுக்குக் காது கேட்கலைன்னு அர்த்தம் சார். செவிட்டு எலியை வெச்சு என்னத்தை அளக்க முடியும்? எலி அறை அமைதியான இடம்தானே? வெளிச் சத்தம் ஏதாவது உண்டா?"

"சுத்தமா இல்ல சார்" என்றார் துறைத் தலைவர். "குண்டூசி விழுந்தாக் கேக்கும்."

அந்த நேரம் பார்த்துப் பொட்டலில் ஒரு டெஸ்ட். எலியக்கா குதித்தாள்.

"ஹலோ, என்னமோ டமார்னு கேட்டுச்சே?"

"லைன் சரியில்ல சார்" என்றார் துறைத் தலைவர். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு எதுவும் கேட்கவில்லை. விருதுநகரில் பிறந்து வளர்ந்து தலை நரைத்தவர். எலியக்கா வாயைத் திறந்தாள். "சார், அது டெஸ்ட்டு..." அவர் போனைக் கையால் பொத்தினார். "நீ சும்மா இரும்மா. ஒனக்குக் கொசு பறந்தாலும் வெடிதான்."

அக்கா அடங்கிவிட்டாள். எனக்கு இன்றுவரை ஆத்திரம் வருவது அதற்குத்தான். ஊரே சேர்ந்து, உனக்குத்தான் கோளாறு, எங்களுக்கெல்லாம் ஒன்றும் கேட்கவில்லை என்று சின்ன வயதிலிருந்து சொல்லிச் சொல்லி, அவளும் அதை நம்பியிருந்தாள். அறையில் சத்தம் இருப்பது நிஜமா, தன் நரம்பில் இருப்பதா என்று அவளுக்கே தெரியாது.

அடுத்த வியாழக்கிழமை தானே நேரில் வந்து பார்ப்பதாகவும், எலிகள் செவிடுதான் என்று தனக்கும் தோன்றினால் அறையை மூடிவிட வேண்டியதுதான் என்றும் பேராசிரியர் சொன்னார். எலி அறையை மூடுவது என்றால் எலிகளை அவரவர் ஊருக்குப் பஸ் ஏற்றி அனுப்புவதல்ல. எல்லாவற்றையும் கொன்றுவிடுவார்கள். அக்காவின் இத்தனை வருஷ உழைப்பும் அதோடு சரி. மறுபடி முதலிலிருந்து தொடங்க வயதும் இல்லை, தெம்பும் இல்லை.

அந்த வாரம் முழுக்க அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. பூனை வேறு அவள் கட்டிலடியில் உட்கார்ந்து மனம் உடைந்துபோய் அவளையே பார்த்தது. "நீ வந்து கூட நில்லு புள்ள" என்றாள். ஆபீசில் சொல்லி, வந்தவரை உபசரிக்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பேராசிரியர் ஒல்லியாக, கறாராக, கையில் கைக்குட்டையோடு வந்தார். எலி அறைக்குள் போக அங்கி, தொப்பி, மாஸ்க் எல்லாம் மாட்ட வேண்டும். மாட்டிக்கொண்டே, "எனக்கும் எலிக்கும் ஆகாதும்மா, தும்மல் வரும். அதனாலதான் நான் மீன் ஆராய்ச்சிக்கு மாறினேன். அஞ்சு நிமிஷத்துல முடிச்சிடணும்" என்றார். எலியக்காவின் முகம் தொங்கிவிட்டது. அவள் பிழைப்பு ஐந்து நிமிஷத்தில் முடியப்போகிறது.

உள்ளே துறைத் தலைவர், அறையின் குளிர்ச்சியையும் சுத்தத்தையும் வர்ணித்துக்கொண்டே வந்தார். "எம்புட்டு அமைதி பாருங்க சார். இந்த மாதிரி அமைதி சென்னையில கெடைக்குமா?"

டமார்.

தீபாவளிச் சீசன் நேரம் அது. பெரிய சரக்கு போல. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்ததாம். துறைத் தலைவர், "இந்த ஏசி போன வருஷம்தான் போட்டோம்" என்று வாக்கியத்தை முடித்துவிட்டுத் திரும்பினார். பேராசிரியரைக் காணோம்.

"சார்? எங்கன போயிட்டாக?"

மேஜைக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "அது என்ன சத்தம்?"

"எது சார்?" என்றார் துறைத் தலைவர்.

"எது சார்?" என்று நானும் கேட்டேன். சத்தியமாகத்தான் கேட்டேன்.

மேஜைக்கு அடியிலிருந்து பேராசிரியர் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வரவில்லை. அவர் கண் மட்டத்தில் கீழ்த்தட்டு. அங்கே ஒவ்வொரு பெட்டியிலும் எலிகள் மூலையில் ஒன்றன் மேல் ஒன்றாக ஒண்டிக் கிடந்தன. தலையை நீட்டி மேல்தட்டைப் பார்த்தார். அங்கே அதுபாட்டுக்குத் தீனி நடந்துகொண்டிருந்தது. பிறகு வாசல் பக்கம் பார்த்தார். எலியக்கா அங்கிக்குள்ளிருந்து போனை எடுத்துக் கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள். "சுப்பையாண்ணே, அம்மா சாப்பிட்டாகளா? நீங்க சாப்பிட்டீகளா?"

பேராசிரியர் மெதுவாக எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். ஏதோ கேட்க வாயைத் திறந்தார். கேள்வி வரவில்லை, தும்மல் வந்தது. என் வாழ்நாளில் அப்படி ஒரு தும்மலைக் கேட்டதில்லை. அடிவயிற்றில் தொடங்கி, மேலே ஏற ஏறச் சுதி கூடி, மாஸ்க்கைப் பிதுக்கிக்கொண்டு வெளியே வந்தது.

மேல்தட்டு எலிகள் மொத்தமும் துள்ளின. தீனி நாலாபக்கமும் சிதறியது.

பேராசிரியர் தட்டைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். அடுத்த தும்மல். மேல்தட்டு துள்ளியது, கீழ்த்தட்டு துள்ளியது, எலியக்கா துள்ளினாள். துறைத் தலைவர், "சார், வெளிய போயிருவோமே" என்று கையைப் பிடித்தார். பேராசிரியர் கையை உதறிவிட்டார். கண்ணில் தண்ணீர் வழிய அங்கேயே நின்று தும்மினார். மேல்தட்டின் துள்ளல் சுருங்கிக்கொண்டே வந்தது. இன்னொரு தும்மலுக்கு மீசை மட்டும் ஆடியது. அதற்கடுத்த தும்மலுக்கு மேல்தட்டு மறுபடி தீனிக்குத் திரும்பிவிட்டது. கீழ்த்தட்டு மட்டும் முதல் தும்மலுக்குத் துள்ளிய அதே உயரம் துள்ளியது. எலியக்காவும் அதே உயரம்.

பேராசிரியரை வெளியே தாழ்வாரத்தில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். மூக்கு சிவந்து, குரல் கட்டிப்போய், ஆனால் முகம் மலர்ந்திருந்தது. "சார்" என்று துறைத் தலைவரைக் கூப்பிட்டார். "உங்க எலி செவிடு இல்லை. உங்க ஊருதான் செவிடு."

பிறந்த நாளிலிருந்து வெடிச் சத்தத்திலேயே வளர்ந்த எலிகள். மெஷின் போடுகிற 'டப்'பும் அதே ஜாதிச் சத்தம். பால்குடி மறப்பதற்குள்ளேயே மேல்தட்டு அதற்குப் பழகி முடித்துவிட்டது. அது கேட்டறியாத சத்தம் ஒன்று சென்னையிலிருந்து வர வேண்டியிருந்தது. கீழ்த்தட்டு மட்டும் அத்தனை வெடிக்குப் பிறகும் பழகவே இல்லை.

"நீ சொல்ல நினைச்சது இதைத்தானேம்மா?" என்றார் அக்காவிடம். "அறையில் வெடிச் சத்தம் இருக்குன்னு ஏன் யாரும் சொல்லலை?"

"எனக்கு மட்டும்தான் கேக்குதுன்னு நெனச்சேன் சார்" என்றாள் எலியக்கா. சொல்லிவிட்டு அழுதாள். துறைத் தலைவர் தொப்பியைக் கழற்றி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு நெசமாவே கேக்கலம்மா" என்றார், சின்னக் குரலில்.

அறையை மூடவில்லை. புதுச் சத்தம் ஒன்றை வைத்துச் சோதனையை முதலிலிருந்து செய்யச் சொன்னார்கள். என்ன சத்தம் வைப்பது என்று அக்கா அதிகம் யோசிக்கவில்லை. பேராசிரியரைக் கெஞ்சி, அவர் கிளம்புவதற்குள் இன்னொரு தடவை உள்ளே நிறுத்தி, அந்தத் தும்மலைப் போனில் பிடித்து வைத்துக்கொண்டாள். பிறகு பல மாதம் அந்த அறையில் சென்னைத் தும்மல்தான் ஒலித்தது. அவள் டாக்டர் பட்டம் வாங்கினாள். ஆய்வேட்டில் தும்மலைத் தும்மல் என்று எழுதவில்லை என்று கேள்வி.

பேராசிரியர் வந்துபோன அன்று சாயங்காலம் பஸ்ஸில் திரும்பும்போது கேட்டேன். "ஏன்க்கா, ஊர்ல எல்லாரும் பழகிட்டாங்க. நீ மட்டும் ஏன் பழகல?"

கண்டக்டர் கை நீட்டிக் கொடுத்த டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்.

"நானும் பழகித்தான் இருந்தேன் புள்ள. பள்ளிக்கொடத்துல மத்தியானம் சாப்பிட்டுக்கிட்டிருக்கோம். ஒரு சத்தம். டெஸ்ட்டுன்னு சொன்னாக. நானும் டெஸ்ட்டுன்னு நெனச்சுக்கிட்டு எம்பாட்டுக்குச் சோத்தத் தின்னுக்கிட்டு இருந்தேன். தயிர்சோறு, மாங்கா ஊறுகா. அது டெஸ்ட்டு இல்ல. எங்கம்மா வேல பாத்த ஆபீசு. வெடிச்ச ரூம்ல எங்கம்மா இல்ல, அடுத்த ரூம்ல இருந்தாக. பொழுதடைஞ்சு, ஒடம்பெல்லாம் கரியோட நடந்து வாராக. அது வரைக்கும் இருக்காகளா இல்லையான்னு தெரியாது. வந்ததும் என்னையக் கேட்டாக, 'சாப்பிட்டியா தாயி?'ன்னு."

பஸ் சூலக்கரை தாண்டியது. "அதுக்கப்புறம் எந்தச் சத்தத்துக்கும் பழகக் கூடாதுன்னு இருந்துட்டேன்" என்றாள்.

அப்போதுதான் எனக்கு அந்தப் போன்கள் எல்லாம் விளங்கின. அவள் யாருடைய வயிற்றையும் விசாரிக்கவில்லை. மறுமுனையில் ஒருவர் போனை எடுத்தால் போதும். சுப்பையாண்ணன் சலித்துக்கொண்டால் அதைவிடச் சந்தோஷம், வாசல் கேட்டும் மரப்பெட்டியும் ஆபீசும் அம்மாவும் இருந்த இடத்தில் இருப்பதாக அர்த்தம். அந்த வரிசையில் மூன்றாவதாக, சம்பளப் பட்டியலை வைத்துக்கொண்டு எரிந்து விழுந்த என்னையும் அவள் சேர்த்திருந்தாள்.

இப்போது நான் சென்னையில். அக்கா தூரத்து ஊர் ஒன்றில் பெரிய ஆராய்ச்சி நிலையத்தில். அங்கே வெடி இல்லை, எலிகள் நிறைய. பேச்சியம்மா வேலையை விட்டுவிட்டு மகளோடு இருக்கிறார். அங்கேயும் ஆராய்ச்சிக்கூடத்தார் அந்தப் புரோட்டீனை அவர் பெயரால்தான் கூப்பிடுகிறார்களாம். அதில் அவருக்குப் பெருமை.

போன வாரம் எங்கள் தெருமுனையில் லாரி டயர் ஒன்று வெடித்தது. மாடி வீட்டுக்காரர் அலறிக்கொண்டு பால்கனிக்கு ஓடி வந்தார். என் கைக் காப்பி தளும்பவில்லை. சிவகாசிக் காது அப்படியே இருக்கிறது. ஆனால் கை தானாகப் போனைத் தேடியது. அது அடிக்கவில்லை. எப்படி அடிக்கும், இந்தச் சத்தம் அவளுக்கு எப்படிக் கேட்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் மனசு கேட்கவில்லை. நானே அடித்தேன்.

"அக்கா, சாப்பிட்டியா?"

"அங்கன என்ன சத்தம் புள்ள?"

"லாரி டயர்க்கா."

"அப்ப நான்ல கேக்கணும்" என்றாள். "சாப்பிட்டியா?"

மணி பதினொன்று. காலையிலிருந்து வெறும் காப்பிதான். "சாப்பிட்டேன்க்கா" என்றேன். அக்கா கேட்ட கேள்விக்கு அதுதான் சரியான பதில்.